கோலும் குடமும்

2019ஆம் ஆண்டின் கோடையைச் சென்னைவாசிகள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டு, அவற்றின் அடிநிலம் வெடித்துக் கிடந்த காலம் அது. ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது தொட்டிப் பெட்டிகளில் ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு முதல் இரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. தண்ணீரும் இரயிலேறி வர வேண்டிய நிலை வந்துவிட்டதே என்று முதியவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

அந்த இரயில் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், மயிலாப்பூரில் எங்கள் அன்பியத்தினர் காசு சேர்த்து ஒரு தனியார் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கினோம். கச்சேரி சாலைக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட மூன்று சிறு தெருக்கள். தெருவுக்கு இருபத்தைந்து வீடுகள். 9,000 லிட்டர் தண்ணீர். ஒருவருக்குக் கூடாமலும் மற்றவருக்குக் குறையாமலும் பங்கிட்டுத் தரும் பொறுப்பு, வாழ்நாளெல்லாம் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என்மேல் விழுந்தது. நானும் மனமுவந்தே ஏற்றுக்கொண்டேன்.

என் வழி மிக எளியது. ஒரு மூங்கில் கோலைத் தொட்டியின் மேல்வாய் வழியே அடிவரை இறக்கி உயரத்தைப் பார்த்தேன். 150 சென்டிமீட்டர். அதனை மூன்றாக வகுத்து, ஐம்பதிலும் நூறிலும் கத்தியால் கீறினேன். மட்டம் முதற்கீற்றுக்கு இறங்கியதும் லாரி இரண்டாம் தெருவுக்குப் போக வேண்டும். அடுத்த கீற்றுக்கு இறங்கியதும் மூன்றாம் தெருவுக்கு. மூன்று தெருவுக்கும் ஐம்பது, ஐம்பது, ஐம்பது. இதைவிட நேர்மையான பங்கீடு உண்டோ என்று எண்ணிக்கொண்டேன்.

முதல் தெருவில் வீட்டுக்கு ஏழு குடம் கிடைத்தது. நடுத்தெருவில் வீட்டுக்குப் பத்துக் குடம். மூன்றாம் தெருவில் ஏழாவது குடத்தோடு குழாய் ஓய்ந்துவிட்டது. காலியான எட்டாவது குடத்தை இடுப்பில் ஏந்தியபடி ஓர் அம்மா ஓட்டுநரைப் பார்த்துக் கேட்டார்: "நடுத்தெருவுல உனக்கு யாருப்பா வேண்டியவங்க?"

அந்த இளைஞர் திகைத்துப் போனார். "நான் குழாயைத் திறந்தேன், மூடினேன், அவ்வளவுதாம்மா. கோல் அந்த ஐயா கையிலதானே இருந்துச்சு?" என்றார்.

"ஐயா கணக்கு தப்பாது" என்றது கூட்டத்தில் ஒரு குரல். நான் மறுமொழி சொல்லவில்லை. இரண்டாம் தெருவில் குழாயை மூடுவதில் அவர் சற்றுத் தாமதித்திருப்பார் என்றே நானும் நம்பினேன். அவருக்கென்று வாங்கி வைத்திருந்த தேநீரைத் தொடாமலே அவர் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சீரற்ற அட்டவணை

சில நாள் கழித்து அடையாறில் ஒரு பெட்ரோல் பங்கில், எனக்கு அறிமுகமான மேலாளரைக் காணச் சென்றிருந்தேன். அவர் நிலத்தடித் தொட்டிக்குள் பித்தளைக் கோல் ஒன்றை இறக்கி எடுத்து, நனைந்த இடத்தில் எண்ணைப் படித்துவிட்டு, ஓர் அட்டவணையைப் புரட்டினார். எத்தனை சென்டிமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று அதில் வரிசையாக அச்சிட்டிருந்தது. வகுத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா, அட்டவணை எதற்கு என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பக்கத்தை என் பக்கம் திருப்பினார். அடியில் ஒரு சென்டிமீட்டருக்கு மிகச் சிறிதளவே எண்ணெய் கூடியது. நடுவில் அதே ஒரு சென்டிமீட்டருக்குப் பல மடங்கு கூடியது. மேலே செல்லச் செல்ல மீண்டும் குறைந்தது. "தொட்டி படுத்துக் கிடக்குதுங்க ஐயா, நிமிர்ந்து நிக்கலை" என்றார்.

அந்த ஒரு சொல்லில் என் குற்றம் எனக்கு விளங்கிவிட்டது. நிமிர்ந்து நிற்கும் உருளையில் நீரின் மேற்பரப்பு எங்கும் ஒரே அளவு. ஆகவே உயரத்தில் பாதியென்றால் நீரிலும் பாதி. மூன்றில் ஒன்றென்றால் நீரிலும் மூன்றில் ஒன்று. படுத்த உருளையிலோ நீர்ப்பரப்பு உச்சியில் ஒடுங்கியும், நடுவில் அகன்றும், அடியில் மீண்டும் ஒடுங்கியும் இருக்கின்றது. பாதி உயரத்தில் மட்டுமே கோலும் நீரும் ஒத்துப்போகும். கால் உயரத்தில் இருப்பது கால் பங்கு நீரன்று; நூற்றுக்கு 19.6 பங்குதான். பத்தில் ஒரு பங்கு உயரத்தில் இருப்பது வெறும் 5.2 பங்கு.

வீட்டுக்கு வந்து என் மூன்று கீற்றுகளுக்குக் கணக்கிட்டேன். மேல் ஐம்பது சென்டிமீட்டரில் 2,626 லிட்டர். நடு ஐம்பதில் 3,748. கீழ் ஐம்பதில் மீண்டும் 2,626. குடம் ஒன்றுக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்தால் 175, 250, 175. இருபத்தைந்து வீடுகளுக்குப் பகிர்ந்தால் ஏழு, பத்து, ஏழு! அந்த ஓட்டுநர் ஒரு குடத்தைக்கூட யாருக்கும் கூட்டித் தரவில்லை. நான் கீறிய இடத்தில் மிகச் சரியாகக் குழாயை மூடியிருக்கிறார்.

நம் முன்னோர் அளவைகளை நீட்டல், நிறுத்தல், முகத்தல் என்று பிரித்து வைத்தார்கள். லேவியர் நூலின் பத்தொன்பதாம் அதிகாரமும் இம்மூன்றையுமே தனித்தனியே சுட்டி, எதிலும் முறைகேடு கூடாது என்று விதிக்கின்றது. நீட்டல் அளவையால் முகத்தல் அளவையை அளக்க முனைந்தேன். என் பிழை அதுவே.

வில்லும் நாணும் அம்பும்

இப்பிழை என்னோடு பிறந்ததன்று என்பதை அதன்பின் படித்த நூல்களிலிருந்து அறிந்துகொண்டேன். படுத்த தொட்டியில் எஞ்சிய நீரைக் கணக்கிடும் வினா, மனித குலத்தை இரண்டாயிரம் ஆண்டுகளாக உழைக்க வைத்திருக்கின்றது.

முழுத் தொட்டிக்கு வழி எளிது. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம், வட்டத்தின் சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் பரப்பு கிடைக்கும் என்று நமக்குச் சொல்லித் தருகின்றது. எங்கள் தொட்டிக்கு அது 17,671 சதுர சென்டிமீட்டர். அதனை ஐந்து மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளத்தால் பெருக்கினால் 9,000 லிட்டர் வந்துவிடும். இடர்ப்பாடு எல்லாம் வட்டம் முழுமையாக இல்லாதபோதுதான் தொடங்குகின்றது.

தொட்டியைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக எண்ணிக்கொள்வோம். அடியில் நீர் நிற்கும் பகுதி ஒரு வில்லைப் போலிருக்கும். வளைந்த தகடு வில், நீர்மட்டம் நாண், கோல் காட்டும் ஆழம் அம்பு. இது என் கற்பனையன்று. பண்டைய இந்தியக் கணித நூல்கள் இவ்வடிவத்தை வில் என்றும், அதன் பகுதிகளை நாண், அம்பு என்னும் பொருள்படும் வடசொற்களாலுமே வழங்கின. கி.பி. 499இல் ஆரியபட்டர் தந்த விதி ஒன்று, அம்பை அறிந்தால் நாணை அறியலாம் என்கிறது. அம்பை, விட்டத்தில் எஞ்சிய பகுதியால் பெருக்கினால் பாதி நாணின் வர்க்கம் கிடைக்கும். எங்கள் தொட்டியில் ஆழம் 50, எஞ்சியது 100; பெருக்கினால் 5,000. அதன் வர்க்கமூலம் 70.7. ஆகவே நீர்மட்டத்தின் அகலம் 141.4 சென்டிமீட்டர்.

வில்லின் பரப்புக்கும் ஒரு பழைய விதி உண்டு. நாணையும் அம்பையும் கூட்டி, அம்பால் பெருக்கி, பாதியாக்க வேண்டும். சீனத்தின் பழம்பெரும் கணித நூலாகிய 'ஒன்பது அதிகாரங்கள்' இதனைக் கூறுகின்றது. கன்னட நாட்டில் ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த மகாவீரர் இதனை நடைமுறை வழியாகக் கூறுகிறார். அலெக்சாந்திரியாவில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஹீரோன், தமக்கு முந்தியோர் இவ்வாறு செய்தனர் என்று எழுதி வைத்தார். தொலைவான மூன்று நாடுகளிலும் இந்த ஒரே விதி வழங்கியிருக்கின்றது.

ஆனால் இது தோராயமான விதி. வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல் மூன்று மடங்கு என்று கொண்டால்தான் அரைவட்டத்துக்கு இது பொருந்தும். எங்கள் மூன்றாம் தெருவின் நீருக்கு இதனைப் பயன்படுத்தினால் 2,437 லிட்டர் என்று வரும். உண்மையைவிட 189 லிட்டர் குறைவு. ஹீரோன் கூறும் திருத்தம் வியப்பூட்டுவது. பாதி நாணின் வர்க்கத்தில் பதினான்கில் ஒரு பங்கை மேலும் கூட்டச் சொல்கிறார். அவ்வாறு கூட்டினால் 2,619 லிட்டர். உண்மைக்கும் அதற்கும் வேறுபாடு ஏழே லிட்டர். அதாவது தெரு முழுவதற்கும் சேர்த்து அரைக் குடம். கணிப்பொறி எதுவுமில்லாத காலத்தில் ஒரு மனிதர் அவ்வளவு நெருங்கி வந்திருக்கிறார்.

முற்றிலும் சரியான வழி வேறு. வட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து நாணின் இரு முனைகளுக்கும் கோடு இழுத்தால், விரித்த விசிறி போன்ற ஒரு துண்டு கிடைக்கும். விசிறியின் பரப்பிலிருந்து, நாணுக்கு மேலேயுள்ள முக்கோணத்தைக் கழித்துவிட்டால் எஞ்சுவது நீர். முக்கோணம் எளிது, விசிறிக்கோ அதன் கோணம் தெரிய வேண்டும். அம்பையும் நாணையும் கொண்டு கோணத்தைத் தேட, அரைநாண் அட்டவணை தேவை. ஆரியபட்டர் 3¾ பாகைக்கு ஒன்றாக இருபத்துநான்கு மதிப்புகள் கொண்ட அத்தகைய அட்டவணைக்கு வழி வகுத்தார். நாணைக் குறித்த வடசொல் அரபு மொழிக்குப் போய், அங்கிருந்து இலத்தீனுக்கு மொழிபெயர்க்கப்பட்டபோது பொருள் மாறி, இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் 'சைன்' ஆகத் திரும்பி வந்திருக்கின்றது.

ஒரு திருமணமும் ஒரு சந்தேகமும்

இவ்வரலாற்றில் என்னை மிகவும் தடுத்து நிறுத்தியவர் யோகான் கெப்ளர். கோள்களின் இயக்க விதிகளைக் கண்டறிந்த அதே கெப்ளர்தாம். முதல் மனைவியை இழந்த அவர், 1613ஆம் ஆண்டு அக்டோபரில் சூசன்னா என்பவரை மறுமணம் செய்துகொண்டார். அப்போது அவர் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் வாழ்ந்தார். குடும்பத் தலைவன் என்ற பொறுப்புணர்வோடு வீட்டுக்குச் சில பீப்பாய் திராட்சை இரசம் வாங்கினார். வணிகர் வந்து, பீப்பாயின் நடுவிலுள்ள துளை வழியே ஒரு கோலைச் சாய்வாக விட்டு, எதிர்ப்பக்க அடிவிளிம்பைத் தொட்டதும் எடுத்து, நனைந்த நீளத்தைப் பார்த்து விலை சொன்னார். எல்லாப் பீப்பாய்களுக்கும் அதே கோல். பீப்பாயின் வடிவத்தை அவர் பொருட்படுத்தவே இல்லை.

கெப்ளருக்குச் சந்தேகம் எழுந்தது. ஒல்லியான நெடும் பீப்பாயும் குட்டையான பருத்த பீப்பாயும் ஒரே சாய்வு நீளத்தைக் காட்ட முடியுமே! அப்படியிருக்க ஒரே கோல் எவ்வாறு நியாயமாகும்?

அவர் வணிகரோடு சண்டையிடவில்லை, உட்கார்ந்து கணக்கிட்டார். அக்கணக்கு 1615இல் 'திராட்சை இரசப் பீப்பாய்களின் புதிய கன அளவியல்' என்னும் பொருள்படும் இலத்தீன் நூலாக லின்ஸ் நகரில் அச்சேறியது. அடுத்த ஆண்டே எளிய மக்களும் பயன்கொள்ளும் வகையில் ஜெர்மன் மொழியிலும் அதனை எழுதினார். அவர் கண்ட முடிவு யாது? ஆஸ்திரியத் தச்சர்கள் செய்த பீப்பாய்கள், குறிப்பிட்ட சாய்வு நீளத்துக்குக் கொள்ளக்கூடிய மிகப் பெரும் கொள்ளளவுக்கு வெகு அருகில் இருந்தன. உச்சத்துக்கு அருகில், வடிவம் சற்றே கூடினாலும் குறைந்தாலும் கொள்ளளவு பெரிதாக மாறுவதில்லை. எனவே அந்த நாட்டுப் பீப்பாய்களைப் பொறுத்தவரை வணிகரின் கோல் சரியே. தாம் ஐயுற்ற மனிதரைத் தம் கணக்கினாலேயே குற்றமற்றவர் என்று காட்டினார் கெப்ளர்.

இதைப் படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டேன். அவரும் நானும் ஒரே இடத்தில் நின்றவர்கள். கையில் ஒரு கோல். எதிரே, பிழைப்புக்காக அளந்து தரும் ஓர் எளிய மனிதர். அவர் கணக்கை முதலில் பார்த்தார். நான் மனிதரை முதலில் ஐயுற்றேன்.

துறவியரின் விவாதம்

கெப்ளர் கனவடிவங்களை மெல்லிய தகடுகளாகச் சீவிப் பார்த்துக் கணக்கிட்டார். அவ்வழியை ஒரு முறையாக வளர்த்தவர் ஒரு கத்தோலிக்கத் துறவி. போனவெந்தூரா கவலியேரி, புனித எரோணிமுவின் இயேசுவாத்தியர் சபையைச் சேர்ந்தவர். இயேசு சபையினர் அல்லர். பொலோஞா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த அவர், 1635இல் வெளியிட்ட நூலில், ஒரு பரப்பை அதன் எல்லாக் கோடுகளின் தொகுதியாகவும் ஒரு கனத்தை அதன் எல்லாத் தளங்களின் தொகுதியாகவும் ஒப்பிட்டுக் காணும் வழியை விளக்கினார். நம் தொட்டிக்கு இது எவ்வளவு பொருத்தம்! நீர்மட்டம் இறங்க இறங்க அது காட்டும் ஒவ்வொரு நாணும் கவலியேரியின் ஒரு கோடு. உச்சியில் குறுகிய கோடுகள், நடுவில் அகன்ற கோடுகள். உயரத்தை மட்டும் அளந்தவன் கோடுகளின் எண்ணிக்கையைப் பார்த்தான். அவற்றின் நீளத்தைப் பார்க்கவில்லை.

இதே வழியில் இன்னொன்றும் விளங்கும். தொட்டி முழு வட்டமாக இராமல், பல லாரிகளில் காண்பது போல நீள்வட்டமாக இருந்தாலும், ஒவ்வொரு கோடும் ஒரே விகிதத்தில் நீளுமாதலால் பங்குகள் மாறுவதில்லை. அங்கும் மேல் மூன்றிலொரு பாகம் 29.2 பங்கையும், நடுப் பாகம் 41.6 பங்கையும், அடிப்பாகம் 29.2 பங்கையுமே கொள்ளும்.

ஆனால் அந்நாளில் இக்கருத்து எளிதில் ஏற்கப்படவில்லை. அகலமற்ற கோடுகளைச் சேர்த்துப் பரப்பு எவ்வாறு உண்டாகும் என்ற வினா நியாயமானதே. 1632 ஆகஸ்டு 10ஆம் நாள், பகுபடாக் கூறுகளைப் பற்றிய கொள்கையைத் தம் பள்ளிகளில் கற்பிக்கலாகாது என்று இயேசு சபையின் நூல் ஆய்வாளர்கள் உரோமையில் தடை விதித்தார்கள். பின்னர் நியூட்டனும் லைப்னிட்சும் வளர்த்த நுண்கணிதம் அக்கருத்தின் வழித்தோன்றலே. அதே இயேசு சபையின் பிரெஞ்சுத் துறவி சார்லஸ் ரசீன், 1939 முதல் நம் நுங்கம்பாக்கம் இலயோலாக் கல்லூரியில் நவீன கணிதத்தைக் கற்பித்து, சி. எஸ். சேஷாத்ரி, எம். எஸ். நரசிம்மன் போன்ற உலகப் புகழ்பெற்ற கணித அறிஞர்களை உருவாக்கினார். தடை போட்ட சபையே கதவையும் திறந்து வைத்தது என்பதை நன்றியோடு நினைவுகூர வேண்டும்.

கணிதர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த அந்நூற்றாண்டிலேயே சந்தைக்குத் தீர்வு தேவைப்பட்டது. பாதி காலியான பீப்பாய்க்கு வரி விதிக்க வேண்டிய ஆங்கிலேயக் கலால் அலுவலர்கள், 1680களில் தாமஸ் எவரார்டு அமைத்ததைப் போன்ற நகரும் அளவுகோல்களைக் கையாண்டார்கள். பின்னாளில் அவ்வகைக் கோல்களில் நிமிர்ந்த பீப்பாய்க்கு ஒரு கீற்று வரிசையும், படுத்த பீப்பாய்க்கு வேறொரு கீற்று வரிசையும் பொறித்திருந்தார்கள். அடையாறு பங்க் மேலாளரின் அட்டவணை அந்தக் கோல்களின் பேரப்பிள்ளை எனலாம்.

நம் ஏரிகளுக்கும் இதுவே பாடம். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி; கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. பன்னிரண்டு அடி நீர் இருந்தால் பாதி ஏரி நிறைந்துவிட்டது என்று நாம் மகிழ்ந்துவிட முடியாது. ஏரியின் அடி குறுகியும் மேல் அகன்றும் இருப்பதால், பொறியாளர்கள் உயரத்துக்கு ஏற்ற கொள்ளளவைத் தனி அட்டவணையில் பார்த்தே சொல்கிறார்கள். செய்தித்தாளில் அடியும் கன அடியும் அருகருகே அச்சாவதன் காரணம் இதுவே.

புதிய கோல்

அந்தக் கோடையிலேயே இரண்டாம் முறையும் லாரித் தண்ணீர் வாங்கினோம். அதற்கு முன் அன்பியக் கூட்டத்தில் எழுந்து நின்று, சென்ற முறை பிழை செய்தவன் ஓட்டுநர் அல்லர், நானே என்று சொல்லி, தாளில் ஒரு வட்டம் வரைந்து விளக்கினேன். எட்டாவது குடத்தோடு நின்ற அந்த அம்மா நெடுநேரம் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ அந்தப் பையனை நான் சும்மா பேசிட்டேனேங்க" என்றார். "முதல்ல நினைச்சது நான்தாம்மா, நீங்க வாய்விட்டுச் சொன்னீங்க, அவ்வளவுதான்" என்றேன்.

புதிய கோல் ஒன்றை எடுத்து, அடியிலிருந்து 55 சென்டிமீட்டரில் ஒரு கீற்றும், 95இல் ஒரு கீற்றும் இட்டேன். ஐம்பது, ஐம்பது, ஐம்பது என்பதற்குப் பதிலாக ஐம்பத்தைந்து, நாற்பது, ஐம்பத்தைந்து. பார்ப்பவர்க்கு அது ஓரவஞ்சனையாகவே தோன்றும். "நடுத்தெருவுக்கு மட்டும் ஏன் கம்மி?" என்று ஒரு சிறுவன் கேட்கவும் செய்தான். அன்று மூன்று தெருவிலும் வீட்டுக்கு எட்டுக் குடம் வந்தது. எவரும் எவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று லாரியோடு வந்தவர் வேறோர் ஓட்டுநர். முதலில் வந்த இளைஞரை அதன்பின் நான் காணவில்லை. அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்திருக்கவில்லை. இரண்டு கோல்களும் இன்றும் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கின்றன. கீற்றுகளுக்கிடையே வேறுபாடு ஐந்தே சென்டிமீட்டர். சாலையில் தண்ணீர் லாரி ஒன்று கடக்கும்போதெல்லாம், ஓட்டுநர் இருக்கையை நான் ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொள்கின்றேன்.